35 வயதில் கிழவர் ஆன நடிகர்!
"ஷோலே" தாக்கூர் சஞ்சீவ்குமாரின் வாழ்க்கை

ஓசூரில் இருந்து ஆனேக்கல், கனகபுரம் வழியாக மேற்கே போனால் ராமநகரம் வரும். பெங்களூர் - மைசூர் சாலையில் உள்ள ஊர். பட்டுக்கூடு சந்தைக்குப் பேர்போனது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பட்டு விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர்.

ஊரைச் சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். கிருஷ்ணகிரி கோட்டை மலையைப் பார்த்தவர்களுக்கு அந்த மலைகள் புதிதாகத் தோன்றாது. அதே மாதிரி கல். அதே மாதிரி வெயில்!

அந்தப் பாறைகளுக்கு நடுவே, பம்பாய் சினிமாக்காரர்கள் ஒரு கிராமத்தையே கட்டினார்கள். 1973-ம் ஆண்டு அக்டோபர் மாதம் படப்பிடிப்பு தொடங்கியது. அதுதான் "ஷோலே" இந்திப்படம். டைரக்டர் ரமேஷ் சிப்பி.

குதிரையும் துப்பாக்கியுமாக வரும் அமெரிக்க "கௌபாய்" படங்களின் பாணியில் எடுக்கப்பட்ட படம் அது. தமிழில் ஜெய்சங்கர் நடித்த "கங்கா" (1972) கூட அந்த வகைதான். ஆனால், "ஷோலே"யில் பழி வாங்கத் துடிப்பவர் இளைஞர் அல்ல. நரைத்த தலையுடன், சால்வை போர்த்திய ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி. பெயர் தாக்கூர் பல்தேவ் சிங்.

கப்பர் சிங் என்ற கொள்ளைக்காரனைத் தாக்கூர் பிடித்துச் சிறைக்கு அனுப்புகிறார். அவன் தப்பி வந்து, அவருடைய குடும்பத்தையே சுட்டுக் கொல்கிறான். பேரப்பிள்ளையைக்கூட விடவில்லை. தேடிப்போன தாக்கூரின் இரு கைகளையும் வெட்டி விடுகிறான். மிஞ்சியது, இளைய மருமகள் ஒருத்திதான். கை இல்லாதவர் எப்படித் துப்பாக்கி பிடிப்பார்? ஜெய், வீரு என்ற இரண்டு திருடர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார்.

இந்தக் கிழவராக நடித்த சஞ்சீவ்குமாருக்கு, படப்பிடிப்பு தொடங்கியபோது வயது 35. அவரிடம் கூலி வாங்கும் "பையன்" வீருவாக நடித்த தர்மேந்திரா, அவரைவிட இரண்டரை வயது மூத்தவர்!

ஜரிகைக் குடும்பம்

சஞ்சீவ்குமாரின் சொந்தப் பெயர், ஹரிஹர் ஜரிவாலா. 1938-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி, குஜராத்தில் உள்ள சூரத் நகரில் பிறந்தார். காஞ்சீபுரம் பட்டுச்சேலைக்கு ஜரிகை அனுப்புகிற அதே சூரத்தான். ஜரிவாலா என்றாலே ஜரிகைக்காரர் என்று பொருள்.

சிறு வயதிலேயே குடும்பம் பம்பாய்க்கு வந்தது. ஹரிஹருக்கு நாடகத்தில் பித்துப் பிடித்தது. 22 வயதில் அவருக்குக் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? கிழவர்! அமெரிக்க ஆசிரியர் ஆர்தர் மில்லர் எழுதிய நாடகம் அது. அடுத்த ஆண்டு, ஆறு குழந்தைகளுக்குத் தகப்பனான 60 வயதுக்காரர் வேடம். முகத்தில் மீசை அரும்பிய காலத்திலேயே தலைக்கு வெள்ளை பூசத் தொடங்கிவிட்டார்.

1960-ல் சினிமாவில் தலைகாட்டினார். கதாநாயகனாக வர 1965 வரை காத்திருக்க நேர்ந்தது. "தஸ்தக்" (1970), "கோஷிஷ்" (1972) ஆகிய இரு படங்களுக்கும் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார்.

"கோஷிஷ்" படத்தில் அவர் காது கேளாத, வாய் பேசாத மனிதர். ஒரு வார்த்தை கிடையாது. கைகளையும் கண்களையும் கொண்டே நடித்தார். தமிழில் அது "உயர்ந்தவர்கள்" (1977) என்ற பெயரில் வந்தது, கமலஹாசன் நடித்தார். "ஷோலே"யிலோ நேர் எதிர். பேச்சு உண்டு, கை கிடையாது. சால்வைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் வைத்து அந்தக் கோபத்தைக் காட்டினார். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அவர் எப்பேர்ப்பட்ட நடிகர் என்று தெரியும்.

சிவாஜியின் ஒன்பது வேடம்

"நவராத்திரி" (1964) படத்தில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் நடித்தார் அல்லவா? அதை இந்தியில் எடுத்தபோது அந்த ஒன்பது வேடங்களும் சஞ்சீவ்குமாருக்கே கிடைத்தன. படம் "நயா தின் நயி ராத்" (1974). டைரக்டர், நம் பீம்சிங்.

வயது விஷயத்தில் அவர் கணக்கே பார்க்கவில்லை. ஜெயபாதுரிக்கு "கோஷிஷ்" படத்தில் கணவர், அதே 1972-ல் "பரிச்சய்" படத்தில் தகப்பனார், "அனாமிகா"வில் காதலர், "ஷோலே"யில் மாமனார்! "திரிசூல்" (1978) படத்தில் சசிகபூருக்கு அப்பாவாக வந்தார். சசிகபூர் அவரைவிட நான்கு மாதம் பெரியவர். வேறு நடிகர்களாக இருந்தால், மார்க்கெட் போய்விடும் என்று ஓடியிருப்பார்கள்.

இருதய நோய்

ஆனால், திரையில் அத்தனை முறை கிழவரானவருக்கு, வாழ்க்கையில் முதுமை எட்டவில்லை. அவர் குடும்பத்தில் ஆண்கள் பலர் 50 வயதைத் தாண்டியதில்லை. அவருக்கும் இருதய நோய் இருந்தது. அமெரிக்காவுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்து மறுபடியும் மேக்கப் போட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி அவருக்கு முன்பே காலமானார்.

1985-ம் ஆண்டு நவம்பர் 6-ந்தேதி, மாரடைப்பால் சஞ்சீவ்குமார் இறந்தார். வயது 47. ஆறே மாதத்தில் இன்னொரு சகோதரரும் போய்விட்டார்.

அவர் நடித்து முடிக்காமல் விட்ட படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. கடைசிப் படம் 1993-ல் வெளியாயிற்று.

மாற்றிய முடிவு

"ஷோலே" 1975 ஆகஸ்டு 15-ல் வெளிவந்தது. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. ஆணி பதித்த செருப்புக் கால்களால் கப்பரை மிதித்தே தாக்கூர் கொல்வதாக எடுத்திருந்தார்கள். போலீஸ்காரராக இருந்தவரே சட்டத்தைக் கையில் எடுப்பதா என்று சென்சார் மறுத்துவிட்டது. நடிகர்கள் மீண்டும் ராமநகரம் போனார்கள். கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து தடுப்பதாகக் காட்சியை மாற்றினார்கள். படம் பம்பாய் மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுகள் ஓடியது. தாக்கூரின் பழி மட்டும் தீரவில்லை.

2025-ல் அந்தப் பழைய முடிவைச் சேர்த்து, படத்தைப் புதுப்பித்து இத்தாலி நாட்டு விழா ஒன்றில் திரையிட்டார்கள். சஞ்சீவ்குமார் இறந்து அப்போது ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பரைக் காலால் மிதித்துக் கொன்றுவிட்டு, கையில்லாத அந்தக் கிழவர் அங்கே அழுகிறார்.