ஜேம்ஸ் பிரின்செப்

டில்லி, அலகாபாத்து முதலிய நகரங்களில் உயர்ந்த கற்றூண்கள் பல நிற்கின்றன. அவற்றிற் பொறித்த எழுத்துக்கள் பன்னூற்றாண்டுகளாக எவருக்கும் விளங்காதிருந்தன. 14ஆம் நூற்றாண்டில் டில்லியை ஆண்ட பெரோஸ் ஷா துக்ளக் அறிஞர்களை அழைத்துப் படிக்கச் செய்தும் பயன் விளையவில்லை. சில எழுத்துக்களைப் பிறர் முன்னரே ஊகித்தறிந்தனர் எனினும், அவற்றை முற்றும் படித்தறியும் வழியைக் கண்டவர் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

இவர் 1799ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1819இல் கல்கத்தாவுக்கு வந்து, நாணயச்சாலையிற் பொன் வெள்ளிகளின் மாற்றுக் காணும் பணியை மேற்கொண்டார். 1832இல் ஆசியக் கழகத்தின் செயலாளரானார். பொன்னை உரைத்துப் பார்த்தன்றி மதிப்பிடாத அவர், எழுத்தாராய்ச்சியிலும் அம்முறையையே கைக்கொண்டார். கண்டவுடன் பொருள் கூற முற்படாது, நம்பத்தக்க படிகளைத் திரட்டினார். எழுத்துக்களைத் தனித்தனியே பிரித்து வரிசைப்படுத்தினார். ஒரே எழுத்துச் சிறு கோடுகள் சேர்ந்து பல வடிவங் கொள்வதைக் கண்டு, அவை நம் உயிர்மெய் போன்றவை எனத் தெளிந்தார்.

1837இல் சாஞ்சித் தூபியின் கல்வேலியிலுள்ள சிறு கல்வெட்டுக்களின் படிகள் அவருக்குக் கிட்டின. அவற்றுட் பல, ஒரே இரண்டு எழுத்துக்களால் முடிந்தன. கோயிலுக்குப் பொருளளித்தோர் தம் பெயரைப் பொறிப்பது வழக்கமாதலின், அம்முடிவு தானம் என்னுஞ் சொல்லாகலாம் என எண்ணினார். அவ்வெண்ணத்தைப் பிற கல்வெட்டுக்களிலும் பொருத்திப் பார்த்தார், எங்கும் பொருந்தியது. சின்னாட்களில் ஏனை எழுத்துக்களும் விளங்கின. தூண்களைப் பொறித்தவன் பியதசி என்னும் மன்னன் எனத் தெரிந்தது.

அவனை இலங்கை வேந்தன் என்றே பிரின்செப் முதலிற் கருதினார். பின்னர் இலங்கையிலிருந்த ஜார்ஜ் டர்னர், பாலிமொழி நூலாகிய தீபவமிசத்தைக் கொண்டு அவன் அசோகனே எனக் காட்டியபோது, தயங்காது தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1915இல் மஸ்கியிற் கிடைத்த கல்வெட்டு அசோகன் பெயரையே தாங்கி, அம்முடிபை உறுதிசெய்தது.

இரவு பகல் ஓயா உழைப்பினிடையே அவர் உடல் நலிந்தது. 1838இல் நோயுடன் தாயகம் திரும்பியவர், 1840இல் தம் நாற்பதாம் வயதில் இலண்டனில் உயிர் நீத்தார். அவர் கண்ட வழியே அசோகன் கல்வெட்டுக்களிற் சோழர், பாண்டியர் பெயர்களையும் நமக்குக் காட்டியது. நம் நாட்டு மலைக்குகைகளிலுள்ள பழந்தமிழ்க் கல்வெட்டுக்களைப் பிற்காலத்தார் படிக்கவும் அடிப்படையாயிற்று.

அறியாத ஒன்றைக் கண்டவிடத்து அஞ்சி விலகுதலும், அறிந்தாற்போல் விரைந்துரைத்தலும் ஆகா. பொறுமையுடன் ஒப்புநோக்கிச் சோதித்தலே மெய்ம்மை காணும் நெறியாம். மாணவர் இந்நெறியைப் பேணுவாராக.