கண்டி வாவி கண்ட வேந்தன்

வட்டவளையிற் புகைவண்டியேறிக் கண்டிமாநகர் செல்லும் நம் மாணவர் அங்கே முதற்கண் விரும்பிக் காண்பது வாவியையே. அதனை அமைத்தவன் வரலாற்றை இவ்விழா மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முடிசூடிய 1739 ஆம் ஆண்டு தொட்டுக் கண்டி அரசுரிமை மதுரை நாயக்கர் வழியினரிடம் இருந்தது. அவ்வழியிற் பிறந்த கண்ணுசாமி என்னும் இளைஞன், முதலமைச்சன் பிலிமத்தலாவையின் துணையால் 1798 இல் அரியணையேறி, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எனப் பெயர் பூண்டான். 1803 இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். அவ்வாண்டிலேயே மன்னன் அதனை மீட்டான்.

நகரை அழகு செய்வதில் அவனுக்கிருந்த வேட்கை பெரிது. தேவேந்திர மூலாசாரி என்னும் சிற்பியின் கைத்திறத்தால் தலதா மாளிகையின் முன்னே எண்கோண மண்டபம் எழுந்தது. அதன் கீழிருந்த வயல்வெளிக்குக் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கினான். 1812 அளவில் வாவி நிறைவெய்தியது. முகிற்கூட்டம்போல் வளைந்து செல்லும் கரைச்சுவரில் விளக்கேற்றப் புரைகளும் அமைந்தன.

அரசிருக்கையை நீர்ப்பரப்பால் அணிசெய்யும் கருத்து அவனுக்கு மட்டும் உரியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, வெர்சேல் அரண்மனையின் எதிரே நீண்ட நீர்நிலை கண்டான். அப்பணிகளில் மாண்ட வேலையாட்கள் பலர்.

கண்டியிலும் அத்தகைய துயரே நேர்ந்தது. மன்னனிடம் நிலம் பெற்றோர் உடலுழைப்பால் ஊழியஞ் செய்வது இராசகாரியம் என்னும் பழைய முறை. வயலுக்கு நீர் பாய்ச்சக் குளந்தோண்டுவதென்றால் குடிகள் மனமுவந்து மண் சுமப்பர். இவ்வாவியோ வயலை வளர்க்கவில்லை; வயலையே மூழ்கடித்தது. ஆகவே மக்கள் மனம் கசந்தது. 1814 இல் எகலப்பொலையின் மனைவி மக்களைக் கொல்வித்தமை அக்கசப்பை மிகுவித்தது. மறுயாண்டு ஆங்கிலேயர் படையெடுத்தபோது பிரதானிகள் பலர் மன்னனைக் கைவிட்டனர். கரைச்சுவர் முற்றுப்பெறாமலே நின்றது.

1815 பெப்ரவரி 18 இல் அவன் சிறைப்பட்டான். மார்ச்சு 2 இல் ஒப்பந்தத்தால் நாடு ஆங்கிலேயர்க்காயிற்று. வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்ட மன்னன், 1832 சனவரி 30 இல் அங்கேயே உயிர் நீத்தான்.

அவனைக் கொடியன் என்றெழுதினோருட் பலர் அவன் நாட்டைக் கவர்ந்தோர். அவருரை முழுவதையும் கொள்ளுதல் சாலாது. எனினும், குடிகளின் விருப்பின்றி எழுந்த அழகு கோவைக் காவாது என்பதை வாவி நமக்கு உணர்த்துகின்றது.

மலையைத் திருத்தித் தேயிலை வளர்த்தோரின் வழிவந்த நாம், மண் சுமந்தார் நிலையை நன்கறிவோம். அடுத்த முறை வாவிக்கரையில் நிற்குங்கால், அரசன் பெயரோடு, பெயர் அறியப்படாத அவ்வுழைப்பாளரையும் நம் மாணவர் நினைப்பாராக.