கருங்காய்ச்சலை வென்ற கல்கத்தா மருத்துவர்

புதுதில்லி: வங்காளம், பிகார், அசாம் பகுதிகளில் ஊர் ஊராக ஏழை மக்களைப் பலிகொண்ட நோய், "காலா அசார்" எனப்படும் கருங்காய்ச்சல். அதற்கு மருந்து கண்டவர் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

1873 டிசம்பர் 19-ம் தேதி பிறந்தார். தந்தை, பிகார் மாநிலம் ஜமால்பூரில் ரயில்வே மருத்துவர். ஹூக்ளி கல்லூரியில் கணிதமும் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியலும் பயின்ற பிரம்மச்சாரி, பின்னர் மருத்துவத்துக்கு வந்தார். 1902-ல் எம்.டி., 1904-ல் பிஎச்.டி. பட்டங்களைப் பெற்றார்.

மணல் ஈ மூலம் பரவும் ஒட்டுண்ணியே இந்நோய்க்குக் காரணம். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி, உடல் உருகி, சிகிச்சை பெறாதோரில் பெரும்பாலோர் மாண்டனர். அன்று வழக்கில் இருந்த ஆண்டிமனி உப்புகள் நோயாளிக்கே நஞ்சாயின. சிகிச்சையும் பல வாரங்கள் நீண்டது. ஆண்டிமனியைக் கரிமச் சேர்மத்துடன் இணைத்தால் நச்சுத்தன்மை குறையும் என பிரம்மச்சாரி கருதினார்.

கேம்ப்பெல் மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு அறை மட்டுமே. அங்கு எரிவாயு இல்லை. குழாய் நீர் இல்லை. இரவில் மண்ணெண்ணெய் விளக்குதான் துணை. இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் உதவியுடன் அவர் மேற்கொண்ட ஆய்வில், அந்த அறையில் 1920-களின் தொடக்கத்தில் "யூரியா ஸ்டிபமைன்" உருவானது. ஊசி மூலம் செலுத்தப்பட்ட இம்மருந்து, சில வாரங்களிலேயே நோயைத் தணித்தது. அசாமில் பெருமளவில் பயன்படுத்தப்பட்டு, எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

1929-ல் நோபல் பரிசுக்கு அவரது பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. நல்ல ஆய்வுக்கூடம் தர முன்வராத ஆங்கிலேய அரசு, 1934-ல் "சர்" பட்டம் அளித்தது. 1936-ல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். நாடு விடுதலை பெறும் முன்பே, 1946 பிப்ரவரி 6-ம் தேதி காலமானார்.

யூரியா ஸ்டிபமைனின் இடத்தைப் பின்னர் புதிய மருந்துகள் பிடித்தன. 2023-ல், நோய் பரவியிருந்த வட்டாரங்கள் அனைத்திலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. காய்ச்சல் குணமானவர்களின் தோலில் பிற்காலத்தில் திட்டுகள் தோன்றுவதை 1922-லேயே விவரித்தவர் பிரம்மச்சாரி. அத்தகையோரிடமிருந்து தொற்று மீண்டும் பரவக்கூடும் என்பதால், அவர்களைத் தேடிச் சிகிச்சை அளிப்பதே நோய் ஒழிப்பின் கடைசிக் கட்டச் சவால். குடிசைப் பகுதிகளில் அரசின் கவனம் தளர்ந்தால், அவர் தொடங்கிய போராட்டம் பின்னடைவைச் சந்திக்கும்.