தியாகராஜ பாகவதர் ஈட்டிய பொருளும் இழந்த பொருளும்

சென்ற திங்கட் கூட்டத்தின்கண் வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்தபின் அன்பர்கள் அளவளாவிக் கொண்டிருக்கையில், வயதில் மூத்த பெரியார் ஒருவர் எம். கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி ஒரு சொல் சொன்னார். பொன்னை உருக்கும் குலத்திற் பிறந்து, பொற்றட்டிலே உணவு கொண்டார் என்று ஊரார் வியக்கும்படி வாழ்ந்து, முடிவில் அனைத்தையும் வீண்செலவு செய்து கெட்டார் என்பது அவர் கூற்று. உடனிருந்த இளைஞரும் அதனை ஆமென்று தலையசைத்தனர். எனக்கு அது பொருந்தவில்லை. ஆயினும் பெரியவரை அவையில் மறுத்துரைத்தல் முறையன்றாதலின் அப்பொழுது வாளாவிருந்தேன். பாகவதர் பொருளீட்டியது எவ்வாறு, அப்பொருள் அவர் கையை விட்டகன்றது எவ்வாறு என்பவற்றை ஆண்டு முறையில் எழுதிக் காட்டின், அன்பர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்வர் என்னும் நம்பிக்கையால் இதனை எழுதலானேன்.

பாகவதர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் மாயவரத்தில் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியார்க்கு மகவாய்த் தோன்றினார். பொற்கொல்லர் குடும்பம், செல்வமுடைய குடும்பமன்று. தொழிலின் பொருட்டுத் தந்தையார் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தார். சிறுவர் தியாகராஜர்க்குப் பள்ளியினும் பாட்டிலேயே நாட்டம் மிகுதி. பட்டறையில் ஊதுகுழலை ஏந்த வேண்டிய வாய் ஓயாது பாடிக்கொண்டிருப்பின் எந்தத் தந்தைக்குத்தான் சினம் வாராது! தந்தையார் கடிந்ததும், சிறுவர் வீட்டைவிட்டுக் கடப்பைக்கு ஓடியதும், அங்கே பாடிக் கூட்டம் சேர்த்து நின்ற மகனைக் கண்டு தந்தை மனங்கனிந்து அழைத்து வந்ததும் அவர் சரிதத்தில் பலரும் அறிந்த பகுதி. அதன்பின் அத்தந்தையார் மகன் போக்கைத் தடுத்தாரல்லர். பத்து வயதுப் பிள்ளையின் தொண்டையில் உள்ளது இன்னதென்று கண்டுகொண்ட அவரது மதிநுட்பத்தை நான் மிகப் போற்றுகின்றேன். ஆசிரியனாயிருக்கும் எனக்கு அது எத்துணை அரிதென்று தெரியும்.

திருச்சியில் ரசிக ரஞ்சனி சபையை நடத்திய எப். ஜி. நடேச ஐயர் இரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர், நாடகப் பித்தர். அவர் அச்சிறுவரை அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பிடில் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் சங்கீதப் பயிற்சி பல்லாண்டு நடந்தது. 1926-ஆம் ஆண்டில் பொன்மலையிற் பவளக்கொடி நாடகத்தில் அருச்சுனனாகத் தோன்றியபோது, அவை சிறப்பிக்க வந்திருந்த மிருதங்க வித்துவான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அவர் பாட்டைக் கேட்டுப் பாகவதர் என்று பட்டமளித்தார். பதினாறு வயதில் அப்பட்டம்! அன்று முதல் நாடக மேடையில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசி அழைத்துச் செல்லும் நடிகராயினார். ஸ்பெஷல் நாடகம் என்று அந்நாளில் வழங்கிய அம்முறையில் மாதச் சம்பளம் என்பதில்லை. பாட்டுக்கு வரவேற்பு உள்ளவரை இரவுக்கு இரவு பணம். தொண்டை கட்டின் அன்றைக்குப் பட்டினி. இக்குறிப்பை அன்பர்கள் நினைவில் இருத்த வேண்டும், பின்னர் வேண்டியதாகும்.

பேசும் படம் தமிழ்நாட்டில் வேரூன்றியபின் அப்பவளக்கொடியே 1934-இல் கே. சுப்பிரமணியம் அவர்கள் இயக்கத்திற் படமாயிற்று. எஸ். டி. சுப்புலட்சுமி உடன் நடித்தார். சென்னை அடையாற்றில் மீனாட்சி சினிடோன் என்ற கூடத்தில் கதிரவன் ஒளியை நம்பியே படம் பிடித்தனர். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். ஏறத்தாழ ஐம்பது பாட்டுக்கள் அடங்கிய அப்படம் பாகவதரை நாடெங்கும் அறிமுகப்படுத்திற்று.

அக்காலத்தில் ஒரு பெருந்தொகை எத்தன்மையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நடிக்கக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்க்கு ஓர் இலட்சம் ரூபாய் அளிக்கப்பட்டது. நாடெங்கும் அதுவே பேச்சு. நம்மவர்க்கு விளங்கும் கணக்கிற் சொல்வதாயின், பவுன் ஒன்று இருபத்தைந்து ரூபாய்க்கு அணித்தாக விற்ற நாள் அது. ஆகவே ஏறக்குறைய 4000 பவுன். ஒரு படத்திற்கு இவ்வளவு வாங்கலாம் என்ற வழியை அம்மையார் திறந்தார் என்றே சொல்லலாம். ஆடவர் வரிசையில் அவ்வழியே மிக உயரச் சென்றவர் நம் பாகவதர்.

1937-ஆம் ஆண்டு அவரது வாழ்வில் திருப்புமுனை. அவ்வாண்டில் ஒய். வி. ராவ் இயக்கிய சிந்தாமணி வெளியாயிற்று, அசுவத்தம்மா கதாநாயகி, பாபநாசம் சிவன் பாட்டுக்கள். ஓராண்டுக்கு மேல் ஓடிய தமிழ்ப்படம் அதுவே முதல் என்பர். என் பாட்டனார் அப்பொழுது பன்னிரண்டு வயதுச் சிறுவர். பனவடலிசத்திரத்திலிருந்து மாட்டு வண்டியிற் சங்கரன்கோவில் சென்று, அங்கிருந்து இரயிலேறி மதுரை சேர்ந்து, தம் தமையனாரோடு அப்படத்தைக் கண்டு மீண்டார். மூன்று நாட் பயணம். திரும்பியதும் உமியோட்டின் முன் அமர்ந்து கொலுசுக்குப் பற்றவைக்கும்போதெல்லாம் அப்பாட்டுக்களையே முணுமுணுப்பாராம். எண்பது வயதிலும் முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கின்றேன். அப்படத்தின் இலாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு கொட்டகையே எழுந்தது. அதற்குச் சிந்தாமணி என்றே பெயரும் இட்டனர். அதே ஆண்டில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதியும் வெளிவந்து ஓராண்டு ஓடிற்று. அடுத்துத் திருநீலகண்டர் 1939-இலும், அசோக்குமார் 1941-இலும், சிவகவி 1943-இலும் வந்தன.

இப்போது மூத்த பெரியார் கூறிய ஆடம்பரத்துக்கு வருவோம். பட்டு ஜிப்பாவும், வைரக் கடுக்கனும், தோள்வரை புரளும் கிராப்பும், ஜவ்வாது மணமும் பாகவதரோடு பிறந்தனவென்னும்படி விளங்கின. அவர் வரும் இரயில் நிற்கும் நிலையங்களில் மக்கள் வெள்ளம் திரளும். திருச்சியில் மாளிகை, மோட்டார், குதிரை யாவும் உண்டு. இவற்றை நான் மறுக்கவில்லை. அதே காலத்தில் அவர்க்கு நிகராக விளங்கிய பி. யு. சின்னப்பாவோ தாம் ஈட்டியதைப் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கி முதலீடு செய்தார். இனி இவர் வீடு வாங்கலாகாது என்று சமஸ்தானத்தார் தடுக்கும் அளவுக்கு வாங்கினார் என்று இன்றும் சொல்வர். அவ்வழியிற் பாகவதர் செல்லவில்லை என்பது மெய்யே. தருமத்துக்கென்று கச்சேரி கேட்டு வந்தோர்க்கு இல்லையென்று சொல்லும் இயல்பும் அவர்க்கில்லை.

ஆனால் ஆடம்பரம் ஒன்றே அவரைக் கெடுத்தது என்பார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சிந்தாமணிக் கொட்டகை யாருடையதாயிற்று? படமெடுத்தவருடையது. அக்காலப் பட ஒப்பந்தத்தில் பேசிய தொகை பேசியதே. படம் ஒரு வாரம் ஓடினும் நடிகர்க்கு அத்தொகை. நூறு வாரம் ஓடினும் அத்தொகையே. நாம் ஆரத்தைச் செய்து கூலி பெற்றபின், அதனை வாங்கிய கடைக்காரர் எவ்வளவுக்கு விற்றால் நமக்கென்ன? அஃதே நிலை. இரவுக்கு இரவு கூலி பேசிய நாடக முறையே படத்துக்குப் படம் என்று வளர்ந்ததே அன்றி வேறில்லை. ஆகவே வருவாய் என்பது அடுத்த ஒப்பந்தத்தை நம்பியது. அவ்வொப்பந்தம் நிற்கும் நாளில் ஊற்று அடியோடு வற்றிவிடும்.

அந்நாள் வந்தது. 1944-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி ஹரிதாஸ் வெளியாயிற்று. சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்கம்; கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தது; டி. ஆர். ராஜகுமாரியும் என். எஸ். கிருஷ்ணனும் உடன் நடித்தனர். அது திரையேறிச் சின்னாட்களில், நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவிற் சென்ற இலட்சுமிகாந்தன் என்பவர் கத்தியாற் குத்துண்டு மறுநாள் மாண்டார். அவர் சினிமாத் தூது என்றும் பின்னர் இந்து நேசன் என்றும் பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகையர் வாழ்வைப் பற்றி இழிவாக எழுதிப் பிழைத்தவர். முன்னதன் உரிமத்தை நீக்குமாறு கவர்னர்க்கு விண்ணப்பித்தோருள் பாகவதரும் கிருஷ்ணனும் இருந்தனர். அதனால் பகை உண்டென்று கருதிய போலீசார் டிசம்பரில் இருவரையும் சிறைப்படுத்தினர். ஜூரிகளோடு நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதம் இருவர்க்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார்.

இதிலே மனத்தை வருத்தும் செய்தி யாதெனின், கதாநாயகர் சிறையிலிருக்க அவர் படம் சென்னை பிராட்வே கொட்டகையில் ஓடிக்கொண்டேயிருந்தது. 1944 தீபாவளி, 1945 தீபாவளி, 1946 தீபாவளி என மூன்று தீபாவளிகளை அது கண்டது. திரையில் அவர் குதிரையேறிப் பாடி வருவதைக் கண்டு மக்கள் ஆரவாரித்த அதே பொழுதில், அவர் சிறைக் கம்பிகளுக்குள் கைதி உடையில் இருந்தார். அவ்வாரவாரத்தின் பணத்தில் அவர்க்குப் பங்கு ஏது? பேசிய தொகை பேசியதே என்று முன்னரே கூறினேன்.

சிறைப்பட்டபோது பத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். அவை கைவிட்டுப் போயின. அவர்க்கென்று வைத்திருந்த வேடங்களுட் சில ஹொன்னப்ப பாகவதர்க்கும் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்கும் சென்றன. முன்பணம் வாங்கியது நடித்தாலன்றி நமதாகாது. அதனோடு வழக்குச் செலவு சேர்ந்தது. உயர்நீதிமன்றத்து மேன்முறையீடு பயன்படாது போகவே, இலண்டன் பிரிவி கௌன்சில்வரை செல்ல நேர்ந்தது. அங்கே இவர்கள் பக்கம் வாதாடியவர் டி. என். பிரிட் என்னும் புகழ்பெற்ற ஆங்கில வழக்கறிஞர். கடல் கடந்து நீதி கேட்பதற்கு எவ்வளவு பொருள் வேண்டும் என்பதை, சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு ஒரு பாத்திய வழக்கின் பொருட்டு நடந்தோரும் ஒருவாறு உணர்வர். பிரிவி கௌன்சில் வழக்கை மீண்டும் சென்னைக்கே அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். நாடு விடுதலை பெறுதற்கு நான்கு மாதங்களுக்கு முன். இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசம், முப்பத்தைந்து முப்பத்தாறு வயதிலே, தொண்டை முழுவன்மையோடு இருந்த பருவத்திலே கழிந்தது. அவ்விழப்பை எந்தத் தராசில் நிறுப்பது?

வெளிவந்த பாகவதர் செய்த ஒரு காரியத்தை மட்டும் நான் தவறென்பேன். நரேந்திரா பிக்சர்ஸ் என்ற பெயரில் தம் சொந்த முதலையே இட்டு, புனா நகரில் ராஜமுக்தி எடுத்தார். நம் நெல்லைச் சீமை எழுத்தாளர் புதுமைப்பித்தன் அப்படத்துக்கு எழுதப் புனா சென்று, காச நோயோடு திரும்பி 1948-இல் காலமானார் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1948-இல் வெளியான அப்படம் வீழ்ந்தது. எஞ்சியிருந்த கைம்முதலும் அதனோடு போயிற்று. ஊதாரித்தனம் என்று இதனையும் சொல்வாரோ? தொழிலறிந்தவன் சொந்தப் பட்டறை வைக்க விரும்பியது போன்றதே அது. காலம் தவறியது, அவ்வளவே.

காலமும் மாறிவிட்டது. பாட்டுக்கள் குறைந்து வசனங்கள் பெருகின. 1952-இல் அமரகவி, சியாமளா என இரு படங்கள் அவர்க்கு வந்தன. அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த பராசக்தியைப் பற்றியே நாடு பேசியது. 1957-இல் தாமே இயக்கிய புதுவாழ்வும் கைகொடுக்கவில்லை. உடன் சிறை சென்ற கிருஷ்ணனோ நகைச்சுவைக்குக் காலமாற்றம் இல்லாமையால் மீண்டும் எழுந்தார். ஈட்டியதை ஈந்துவிட்டு 1957-இல் மறைந்தார். பாகவதரை நீரிழிவு நோய் பற்றியது; கண்ணொளி மங்கிற்று. அந்நிலையிலும் கச்சேரிக்கு அழைத்த ஊர்களுக்குச் சென்று பாடினார். பாட்டே மீண்டும் அவர்க்குச் சோறிட்டது, முதலில் இட்டதுபோலவே. கோயில் வாயிலில் அமர்ந்திருந்த அவரை இரவலர் என்று எண்ணி ஒருவர் காசிட்டார் என்பது போன்ற கதைகளை நான் ஏற்பதில்லை. உயர்ந்தவர் வீழ்ந்தாரெனின் மண்ணளவும் வீழ்ந்தாரென்று சொன்னாலன்றிச் சிலர்க்கு நாவடங்காது.

1959 நவம்பர் முதல் நாள் சென்னை அரசினர் பொது மருத்துவமனையிற் பாகவதர் உயிர் நீத்தார், வயது நாற்பத்தொன்பது. உடல் திருச்சிக்குக் கொணரப்பெற்றுச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. கடைசிப் படமாகிய சிவகாமி 1960-இல், அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. அவர் நடித்தவை யாவும் கூட்டின் 14 படங்களே. சிறைக்கு முன் 9, பின் 5. அண்மையில் திருச்சியில் அரசினர் அவர்க்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளனர். அவர் வழித்தோன்றல் ஒருவர் குடும்பம் வறுமையில் வாடுதல் அறிந்து, 2021-இல் அரசு வீடும் 5 இலட்சம் ரூபாயும் உதவிற்று.

பெரியார் அவர்களை நான் குறை கூறுவதாக நினைத்தலாகாது. அவரும் பாகவதர் பாட்டைக் கேட்டு உருகினவரே. உருகினவர்க்கே கோபமும் மிகுதி. என் பாட்டனார் விட்டுச் சென்ற பெட்டியில் அம்பிகாபதி இசைத்தட்டு ஒன்று விளிம்பு சிறிது உடைந்து கிடக்கின்றது. கிராமபோன் பெட்டி நம்மூரில் எவர் வீட்டிலேனும் பழுதின்றி இருப்பின், அடுத்த கூட்டத்துக்குக் கொணர்ந்து உதவுமாறு வேண்டுகின்றேன். கணக்கு வாசித்து முடித்தபின் பெரியாரை அருகில் இருத்தி ஒருமுறை போட்டுக் கேட்கலாம்.