பழைய பாடநூல் செய்த உதவி

இந்நாளில் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணியில், 1888-ஆம் ஆண்டு, எளிய குடும்பத்திற் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் முன்னரே பயின்று தேறிய உறவினரொருவர் தம்முடைய ஆங்கிலத் தத்துவப் பாடநூல்களை அவருக்கு ஈந்தார். புதுநூல் வாங்கப் பொருளின்மையால் அந்நூல்களின் துறையே அவர் துறையாயிற்று.

பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்குப் பயிற்சிபெறச் சென்றவர், உடன்பயின்றோர்க்குத் தாமே பாடம் உரைத்தார். 1912-இல் மாணவர்க்கென ஆங்கிலத்தில் உளநூலொன்றும் வெளியிட்டார். நூலாற் பெற்ற உதவிக்கு நூலாலேயே கைம்மாறு செய்தாரென நாம் கருதுகின்றோம். அவரே 1962-இல் குடியரசுத் தலைவராயினார்.

ஆதலின், அன்பர்களே! தேர்வு முடிந்தவுடன் நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூல்களையும் வினாவிடைக் குறிப்பேடுகளையும் எடைக்குப் போடாது, கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர் மக்கள் முதலிய எளிய மாணவர்க்கு அளிப்போமாக.