தாமஸ் யோஹான் ஸீபெக்

வெப்பத்திற்கும் காந்தத்திற்கும் யாது தொடர்பு என்னும் வினாவைக் கையிலெடுத்து, விடையைப் பிறழக் கூறியும், பௌதிக சாஸ்திரத்தில் அழியாப் புகழ் எய்தியவர் ஒருவர் உளர். அவரே தாமஸ் யோஹான் ஸீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

இவர் 1770-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ந் தேதி, அந்நாளில் ருஷ்ய ஆட்சிக்குட்பட்டிருந்த ரேவல் நகரில், செல்வம் மிக்க வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரே இன்று எஸ்தோனியாவின் தலைநகராகிய தாலின். பெர்லினிலும் கோட்டிங்கனிலும் வைத்தியம் பயின்று 1802-ல் பட்டம் பெற்றார். எனினும் வைத்தியத் தொழிலில் அவருள்ளம் செல்லவில்லை. குலச்செல்வம் இருந்தமையால், பிழைப்பைப் பற்றிய கவலையின்றிப் பௌதிக ஆராய்ச்சியில் இறங்கினார். ஜேனா நகரில் வாழ்ந்த காலத்தில் மகாகவி கேதேயின் நட்பைப் பெற்று, நிறங்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். பின்னர் பெர்லின் விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தினரானார்.

1820-ல் டென்மார்க்கு தேசத்து எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியினருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டு வெளியிட்டார். அது கேட்ட அறிஞர் பலரும் அவ்வழியே சோதனைகள் செய்யலாயினர். ஸீபெக்கும் 1821-ல் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து ஒரு வளையமாக்கி, அதனருகே காந்த ஊசியை வைத்தார். இணைப்பைக் கையால் அழுத்திய அளவிலே ஊசி அசைந்தது. அழுத்தமன்று, கையின் சூடே காரணமென்று அவர் தெளிந்தார். ஓரிணைப்பை விளக்கினால் சூடேற்றவே, ஊசி மிகுதியாகத் திரும்பிற்று. இரண்டிணைப்புகளும் ஒரே வெப்பநிலையை அடைந்ததும், அது பழைய நிலைக்கு மீண்டது.

வெப்ப வேற்றுமையே உலோகங்களை நேராகக் காந்தமாக்குகின்றது என்று ஸீபெக் முடிவு செய்தார். பூமியின் காந்தமும் துருவங்களுக்கும் நடுக்கோட்டிற்கும் இடையேயுள்ள வெப்ப வேற்றுமையால் எழுவதென எண்ணினார். உண்மையோ வேறு. வெப்ப வேற்றுமையால் வளையத்தில் மின்சாரம் ஓடிற்று. அம்மின்சாரமே ஊசியைத் திருப்பிற்று. இதற்கு வெப்பமின்சாரம் எனப் பெயரிட்டவர் எர்ஸ்டெட். ஸீபெக்கோ தம் கொள்கையை விட்டாரில்லை. ஆயினும் எவ்வெவ்வுலோகங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று சலியாது சோதித்து, கண்டவற்றையெல்லாம் ஒழுங்காக எழுதி வைத்தார். 1826-ல் ஓம் தம் பெயர் பெற்ற விதியை நாட்டுதற்கு இவ்வகை உலோக இணையையே மின்சார ஊற்றாகக் கொண்டார். ஸீபெக் 1831-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ந் தேதி பெர்லினில் காலமானார்.

உலைக்களத்தின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் என்னும் கருவி அவ்வளையத்தின் வழித்தோன்றலே. இன்று அதனினும் நுண்ணிய வெப்பக் கருவிகள் எழுந்துள்ளன. ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர் எனப்படும். சில பத்து நானோமீட்டரே அகன்ற ஊசிமுனையால் காந்தப் பொருளின் ஒரு புள்ளியைச் சூடேற்றி, அங்கெழும் மின்னழுத்தத்தைக் கொண்டு அவ்விடத்துக் காந்தத்தின் திசையை அறிகின்றனர். காந்தப் பொருளில் வெப்ப வேற்றுமையானது எலெக்ட்ரான்களின் சுழற்சித் தன்மையை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செலுத்துவதை 2008-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டு, அதற்கு ஸீபெக்கின் பெயரையே சூட்டினர். வெப்பமும் காந்தமும் உறவுடையன என்ற அவருடைய எண்ணம், அவர் கனவிலும் கருதாத வகையில் மெய்யாயிற்று.

மாணவ நண்பர்களே, கொள்கை பிழைபடலாம். கண்டதைக் கண்டவாறே எழுதிய குறிப்புப் பிழைபடாது. நம் சோதனைச் சாலையில் ஊசி எதிர்பாராத பக்கம் திரும்புமாயின், அதனை அழித்தெழுதாது அவ்வண்ணமே குறித்து வைப்போமாக.