திம்மய்யா ஏறிய முதல் டாங்கி

நண்பர்களே, சிவிலோ மெக்கானிக்கலோ படிக்கிற உங்களுக்கு ஒரு கணக்கு. கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலே ஒரு கணவாய். அங்கே போக இருப்பது வெறும் கோவேறு கழுதைப் பாதை. ஒவ்வொன்றும் சுமார் 14 டன் எடையுள்ள டாங்கிகளை அதில் ஏற்ற வேண்டும். வரும் வழியில் இருக்கும் பாலங்கள் அந்த எடையைத் தாங்காது. எதிரிக்கும் துளிகூடத் தெரியக்கூடாது. பனிக்காலம் வேற நெருங்கிட்டு இருக்கு. என்ன செய்வீங்க?

1948-ல் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தவர் மேஜர் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா. குடகு நாட்டு மடிக்கேரியில் 1906-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் கொஞ்ச காலம் நம்ம குன்னூரில், அப்புறம் பெங்களூரில். டேராடூன் ராணுவக் கல்லூரி, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் என்று போய் 1926-ல் அதிகாரி ஆனார். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் சண்டை போட்டார். போர்க்களத்தில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் இவர்தான்.

சரி, காஷ்மீருக்கு வருவோம். அந்த வருஷம் மே மாதம் லே நகரம் விழும் நிலையில் இருந்தது. சாலை வழியாகப் படை போய்ச் சேர நேரமில்லை. சோனம் நோர்பு என்ற லடாக்கி என்ஜினீயர் உள்ளூர் ஆட்களை வைத்தே அங்கே ஒரு மண் ஓடுதளம் போட்டுக் கொடுத்தார். அதுவரை எந்த விமானமும் அங்கே இறங்கியதில்லை. ஏர் கமடோர் மெஹர் சிங் ஓட்டிய டகோட்டாதான் முதலில் இறங்கியது. திம்மய்யா எங்கே இருந்தார்னு கேக்கறீங்களா? அந்த விமானத்துக்குள்ளேதான். ஒரு டிவிஷன் தளபதி அதில் போயே ஆகணும்னு யாரும் சொல்லவில்லை.

லே தப்பித்தது. ஆனால் தரைவழி சோஜிலா கணவாயில் அடைபட்டுக் கிடந்தது. பாறைக் குகைகளுக்குள் இயந்திரத் துப்பாக்கிகள். காலாட்படை செப்டம்பரில் முயன்று, பலரை இழந்து திரும்பியது. அப்போதுதான் டாங்கிகளை மேலே கொண்டுபோவது என்று முடிவானது. 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகளில் பீரங்கி இருக்கும் மேல்கூட்டைக் கழற்றித் தனியாக ஏற்றினார்கள். எடை குறைந்தது, பாலம் தாங்கியது. பயணமெல்லாம் இரவில், ஊரடங்கு போட்டு, தார்ப்பாய் மூடி. பால்தாலிலிருந்து கணவாய்க்குப் போகும் பாதையை டாங்கி போகிற அளவுக்கு அகலப்படுத்தியது யார் தெரியுமா? மேஜர் தங்கராஜு தலைமையிலான மெட்ராஸ் சாப்பர்ஸ். குண்டு விழும் இடத்தில் பாறையை வெடித்து ரோடு போட்டவர்கள் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லாதது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

நவம்பர் 1. பனி விழுந்துகொண்டிருந்தது. டாங்கிகள் கணவாய்க்குள் உருண்டன. குகைக்குள் இருந்தவர்கள் இதை எதிர்பார்க்கவே இல்லை. முதல் டாங்கியில் உட்கார்ந்திருந்தவர் திம்மய்யா! அந்த மாதத்துக்குள்ளேயே திராஸும் கார்கிலும் கைக்கு வந்தன.

பிறகு கொரியா. தாய்நாடு திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை என்ன செய்வது என்ற தலைவலி 1953-ல் இவர் தலைமையிலான நடுநிலை ஆணையத்திடம் வந்தது. இரண்டு பக்கமும் திட்டினாலும் அதை முடித்துக் கொடுத்தார். 1957-ல் தரைப்படைத் தளபதி.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. பதவி உயர்வுகளில் அமைச்சர் தலையிடுகிறார் என்பது இவருடைய மனக்குறை. 1959 ஆகஸ்ட் கடைசியில் லோங்ஜுவில் சீனப்படையோடு மோதல் நடந்த சில நாட்களில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு கூப்பிட்டுப் பேசினார், கடிதத்தைத் திரும்பப் பெற்றார். அதற்குள் விஷயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. நாடாளுமன்றத்தில் நேரு இவரைத்தான் குறை சொன்னார். மேனன் பதவியில் தொடர்ந்தார்.

திரும்பப் பெற்றது சரியா? பிரதமரே கேட்கும்போது, எல்லையில் பதற்றம் இருக்கும்போது, ஒரு சிப்பாய் மறுப்பது கஷ்டம்தான். மக்களாட்சியில் ராணுவம் அரசுக்குக் கட்டுப்பட்டதுதான், அதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் கொடுத்திருக்கவே கூடாது, கொடுத்தால் நின்றிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதன்பின் அவர் சொல்லுக்கு டெல்லியில் பழைய எடை இல்லை. 1961 மே மாதம் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில் சீனப்போர். தோல்விக்குப் பிறகு மேனனும் போனார். அப்போது திம்மய்யா சீருடையில் இல்லை.

ஓய்வு பெற்ற ஜெனரலை 1964-ல் ஐ.நா. அழைத்தது. கிரேக்கர்களும் துருக்கியர்களும் மோதிக்கொண்ட சைப்ரஸ் தீவில் அமைதிப்படைத் தளபதி வேலை. 1965 டிசம்பர் 18 அன்று, அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். அடுத்த வருஷம் சைப்ரஸ் அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. மடிக்கேரி பக்கம் போனீங்கன்னா, சன்னி சைடு என்ற அவருடைய வீடு இப்போ அருங்காட்சியகமா இருக்கு, பாருங்க.